பொய்க்காரர் வார்டு

உப்பு டப்பாவுக்குப் பூட்டுப் போட்ட வீட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த வீட்டில் போட்டிருந்தார்கள். நகைக்குப் போடவில்லை, போடுகிற அளவுக்கு நகையும் இல்லை. அடுப்படி அலமாரிக்குள் உப்பையும் ஊறுகாயையும் வைத்து, வெளியே ஒரு சின்னப் பூட்டைத் தொங்கவிட்டு, சாவியை அண்ணி இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தாள். ஊரில் எத்தனையோ திருடன் இருக்க, அவள் காவல் காத்தது கட்டின புருஷனிடமிருந்து.

"என்னங்க, கடைசியாக் கேக்கறேன். டிப்போ பக்கம் போனீங்களே, யாராவது உப்புக்கடலை வாங்கிக் குடுத்தாங்களா?"

"கடைசியாக் கடைசியான்னு காலையிலேருந்து எத்தனை தடவைடி கேப்பே? அந்தக் கடைசிக்கு ஒரு கடைசி கிடையாதா?"

அண்ணன் பஸ் டிரைவர். டிப்போவில் அவனுக்குப் பேர் ஏர்ஹாரன். வண்டியில் ஹாரன் கெட்டுப்போனாலும் கவலையில்லை, ஜன்னல் வழியாக இவன் ஒரு குரல் கொடுத்தால் லாரிக்காரனே ஒதுங்குவான். அந்தக் குரலை மழைக்காலத்தில் ஒரு இருமல் வந்து பிடித்தது. இருமல் நிற்கவில்லை, உடம்பு இளைத்தது, சளியைச் சோதித்தால் காசநோய். சரி, காசநோய்க்குத்தான் மருந்து இருக்கிறதே என்று ஆரம்பித்தார்கள். நோயும் மருந்துக்கு நன்றாகக் கேட்டது. இருமல் போனது, சோறு இறங்கியது, சட்டை மறுபடி தோளில் நின்றது, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரும் சொல்லியாயிற்று. ஆனால் பல வருஷமாக ஒரே ஒரு வெள்ளை மாத்திரைக்கு அடங்கிக் கிடந்த பிரஷர் தலையைத் தூக்கிக்கொண்டது. ஒன்றை இரண்டாக்கினார்கள், கூடவே வேறொன்று சேர்த்தார்கள். அது மசியவில்லை.

பிரஷர் இறங்காதவன் கையில் ஐம்பது உயிர் இருக்கிற வண்டியை யார் கொடுப்பார்கள்? டிப்போ டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். மாசக் கடைசிக்குள் பிரஷர் இறங்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டியரிங்கை மறந்துவிட்டு டிப்போ கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வேண்டும். தன் வண்டியை வேறொருவன் ஓட்டிக்கொண்டு வெளியே போக, கேட்டைத் திறந்துவிட்டு சல்யூட் அடிக்க வேண்டும். அதற்கு டி.பி.யே தேவலை என்றான் அண்ணன்.

இந்த வீட்டில் இன்னொருத்தி இருக்கிறாள். அண்ணனுக்குத் தங்கை, எல்லாருக்கும் சின்னவள். அவள் வேலையே இதுதான். பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி டாக்டர். காசநோயும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்து வந்தவர்களுக்குப் பிரஷர் எப்படி நடந்துகொள்கிறது என்று பெரிய டாக்டருக்குக் கீழே இருந்து ஆராய்கிறவள். கொல்லன் வீட்டில் மொட்டைக் கத்தி என்பார்களே, அந்தக் கதை. தெருவே சிரித்தது.

அன்று சாயங்காலம் சின்னவள் வந்ததும் வராததுமாகக் கருவியை எடுத்தாள்.

"உக்காருண்ணா. முதுகை நாற்காலியில சாய். காலைக் கீழ வை. பேசாதே."

"பேசினா என்ன ஆகும்?"

"ஏறும்."

"பேசலைன்னா எனக்கு இன்னும் ஏறும்."

கைப்பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, காதில் வைத்துக் கேட்டாள். முகம் மாறியது. பட்டையைக் கழற்றினவள் நேரே அலமாரிக்குப் போய் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினாள். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. சரியாக இருப்பதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"அண்ணா, கோவிச்சுக்காம சொல்லு. மாத்திரையைப் பிரிக்கறே, சரி. முழுங்கறியா?"

அண்ணன் எழுந்துவிட்டான். அண்ணி கையில் இருந்த கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"என்னடி சொன்னே?"

"எங்ககிட்ட வர்றவங்க நிறைய பேர் அப்படித்தாண்ணா. பிரிச்சு ஜன்னல் வழியா எறிஞ்சுடுவாங்க. சாப்பிட்டேன்னு சத்தியம் பண்ணுவாங்க."

"ஓகோ. நான் அந்தக் கூட்டமா? டி.பி.க்குப் போடற சிவப்பு மாத்திரை இருக்கே, அதைப் போட்டா மூத்திரமே சிவப்பாப் போகுது. அதுக்கு அது சாட்சி சொல்லிடுது. இந்த வெள்ளை மாத்திரைக்கு நான் எங்கடி போயி சாட்சி தேடுவேன்? என் வாய்தாண்டி சாட்சி. இந்த வாயை நம்ப மாட்டே, இல்ல?"

சின்னவள் அட்டையை மறுபடி ஒரு தடவை எண்ணினாள். நம்பவில்லை என்பதுதான் பதில். அது அவனுக்கும் தெரிந்துபோனது.

"சரி. நாளைக்கே என்னை உன் ஆஸ்பத்திரியில சேத்துடு. பூட்டி வை. உன் ஆளுங்க கையாலயே மாத்திரையைப் போடு, வாயைத் திறந்து பாரு. இவ சமைச்ச சோறு வேணாம், உங்க சப்புன்னு இருக்கற சோத்தையே தின்னுறேன். அப்பவும் இறங்கலைன்னா என்ன பண்ணுவே? அதைச் சொல்லு!"

"இறங்கும்ணா."

"இறங்கலைன்னா?"

"அப்போ பாக்கலாம்."

"பாப்போம்டி," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். வீம்பு அந்தக் குடும்பத்துச் சொத்து. வேறு சொத்து எதுவும் இல்லாததால் இரண்டு பேரும் அதைச் சரிபாதியாகப் பிரித்து வைத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மேல்மாடிக் கோடியில் ஒரு நீள அறை. தகரக் கூரைக்கு ரொம்பப் பக்கம், அதனால் பகலெல்லாம் வெக்கை. மின்விசிறி சுற்றினால் சூடான காற்றைத்தான் கலக்கிக் கொடுக்கும். அங்கே ஒரு நர்ஸ் இருந்தாள், பணி ஓய்வுக்குப் பக்கத்தில் வந்தவள். டார்ச் இல்லாமல் அவள் நடந்து யாரும் பார்த்ததில்லை.

"ஆ காட்டுங்க. நாக்கைத் தூக்குங்க. இந்தக் கன்னம். அந்தக் கன்னம்."

"சிஸ்டர், வண்டிக்கு எஃப்.சி. எடுக்கறப்பகூட இவ்வளவு பாக்க மாட்டாங்க."

"வண்டி பொய் சொல்லாது. மனுஷன் சொல்லுவான். தண்ணி குடிங்க. இன்னொரு தடவை ஆ."

இப்படி வேளை தவறாமல் நடந்தது. உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத முட்டை, உப்பில்லாத ரொட்டி. அண்ணன் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் தின்றான். அண்ணி பார்க்க வந்தால் கையில் பையோடு உள்ளே விட மாட்டாள் நர்ஸ். "நீங்க வாங்கம்மா, பை வராது," என்பாள். நாள் போகப் போக சின்னவள் படியேறி வரும் வேகம் குறைந்தது. ஏனென்றால் பிரஷர் இறங்கவில்லை. ஒரு புள்ளி இறங்குவதும் மறுநாள் ஏறுவதுமாக அதே இடத்தில் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

"என்னடி டாக்டரம்மா," என்றான் அண்ணன். குரலில் கேலிதான், கண்ணில் இல்லை. "சாட்சி சரியா?"

பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. பாதி ஊருக்கு உயிர் கொடுத்த கை அது. ஆனால் அடுத்த மாசம் மாநாடு, அதில் படிக்க வேண்டிய கட்டுரை தயார், வெள்ளை மாத்திரை காசநோயாளிகளிடம் அருமையாக வேலை செய்கிறது என்று முடிவும் எழுதியாகிவிட்டது.

"வீட்டுலேருந்து சாப்பாடு வருதா?"

"இல்ல சார்."

"அப்போ சிஸ்டர் சரியாப் பாக்கலை. இவங்க கில்லாடிம்மா. தொண்டையில வெச்சுக் கக்குவாங்க."

இது நர்ஸின் காதுக்குப் போனது. அவள் டார்ச்சை மேஜையில் டொக்கென்று வைத்தாள். "என் சர்வீஸுல எவனும் என் கண்ணு முன்னாடி மாத்திரையை ஏமாத்தினதில்ல. வேணும்னா அவரை வந்து படுத்துக்கச் சொல்லு, அவர் வாயையும் பாக்கறேன்," என்றாள். அண்ணன் கைதட்டினான்.

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நர்ஸ் பொய்யில்லை, அண்ணன் பொய்யில்லை, பிரஷரும் பொய்யில்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது யார்?

அந்தக் கேள்விக்குப் பதில் ஸ்ட்ரெச்சரில் வந்தது. ஒரு ஹோட்டலில் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிற அம்மா, எல்லாருக்கும் சலவையக்கா. அவளுக்கும் டி.பி., அவளுக்கும் பிரஷர். எவ்வளவு மாத்திரை கூட்டியும் பிரஷர் இறங்காததால், மாத்திரை சாப்பிடாதவள் என்று ஆராய்ச்சியிலிருந்து கழித்துக் கட்டப்பட்டவள். போன வாரத்துக்கு முந்தின வாரம்தான் டி.பி. சிகிச்சை முடிந்து, குணமாகிவிட்டது என்று கைகுலுக்கி அனுப்பியிருந்தார்கள். மத்தியானம் இஸ்திரி மேஜையில் துணியை நீவிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். நல்லவேளை, பெட்டி மேலே விழவில்லை. சின்னவள்தான் பிரஷர் பார்த்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள். தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

சலைன் ஏறி, கண் திறந்து, சலவையக்கா முதலில் செய்த காரியம் திட்டினது.

"நீதானே? நீதானே என்னைப் பொய்க்காரின்னு சொன்னவ?"

"அக்கா, பேசாதீங்க. பிரஷருக்கு எத்தனை மாத்திரை போடறீங்க?"

"நீங்க ஏத்தி ஏத்திக் குடுத்த அத்தனையும்! ஒண்ணு விடலை. போட்டும் எறங்கலை, அதுக்கு நான் என்ன செய்வேன்? போடலைன்னு சொல்லித் தொரத்தினீங்க. தொரத்தினாலும் மருந்துக் கடையில வாங்கிப் போட்டேண்டியம்மா, எனக்கு ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க இருக்கு."

சின்னவள் அவள் கையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். மாத்திரையே சாப்பிடாதவளுக்குப் பிரஷர் எப்படித் தரைக்கு வரும்? சாப்பிட்டிருக்கிறாள். எல்லாவற்றையும் சாப்பிட்டிருக்கிறாள். டி.பி. மருந்து இருந்தவரைக்கும் ஒன்றும் ஒட்டவில்லை. அந்த மருந்தை நிறுத்தினதும் அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து அமுக்கிவிட்டது.

சிவப்பு மாத்திரை! கல்லூரியில் படித்த ஒரு வரி, அன்று பரீட்சைக்கு எழுதி அன்றே மறந்த வரி. அது கல்லீரலை முடுக்கிவிடும். முடுக்கிவிட்ட கல்லீரல் மற்ற சில மருந்துகளை ரத்தத்தில் நிற்க விடாமல் கரைத்துத் துரத்தும். வெள்ளை மாத்திரை அதில் ஒன்று. டி.பி. அறை கீழ்த்தளத்தில் இந்தக் கோடி, பிரஷர் அறை அந்தக் கோடி. இந்த அறையில் எழுதுகிற மருந்தை அந்த அறை பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரே ஆள் அவள்தான். அவள் என்ன செய்தாள்? பிரஷர் இறங்காதவன் மாத்திரை சாப்பிடாதவன், அவனைக் கணக்கில் சேர்க்காதே என்று விதி எழுதினாள். அந்த விதி பெரிய டாக்டருடையது இல்லை. சாட்சாத் அவள் கையால் எழுதினது, ஆராய்ச்சி சுத்தமாக இருக்க வேண்டும் என்று. தேறாத பிள்ளைகளை எல்லாம் துரத்திவிட்டு, எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பாஸ் என்று வாசலில் போர்டு மாட்டின கதை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் பெரிய டாக்டர் அறைக்குப் போனாள்.

"சார், நம்ம கணக்குல மிச்சம் இருக்கறவங்க யாருன்னு பாத்தேன். முக்காவாசிப் பேர் பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடறவங்க. அதுக்குக் கல்லீரல் தயவு வேணாம். வெள்ளை மாத்திரைக்காரங்க அனேகமா எல்லாரையும் நாமதான் வெளிய அனுப்பியிருக்கோம். மிஞ்சி நின்ன நாலு பேருக்கு முதல்லயே கொஞ்சம்தான் பிரஷர். அந்த நாலு பேரை வெச்சு மருந்து அருமைன்னு எழுதியிருக்கோம்."

"உங்க அண்ணன் விஷயம், அதான் உனக்குப் பதட்டம்."

"எங்க அண்ணன் விஷயம்தான் சார். அவர் வாயை நான் நம்பலை. சிஸ்டர் டார்ச் அடிச்சப்புறம்தான் நம்பினேன். அது என் தப்பு. மத்தவங்களுக்கு டார்ச்சுகூட அடிக்கலை. அது நம்ம ரெண்டு பேர் தப்பு."

"மாநாட்டுக்கு எல்லாம் அனுப்பியாச்சும்மா."

"திருப்பி வாங்குங்க."

"முடியாதுன்னா?"

"என் பேரை எடுத்துட்டு அனுப்புங்க. நான் அதே மாநாட்டுக்கு வந்து கடைசி வரிசையில உக்காந்து, நீங்க முடிச்சதும் எழுந்து கேள்வி கேப்பேன்."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவரிடம் இப்படி யாரும் பேசினதில்லை. பேசினவள் அவர் வளர்த்தெடுத்த மாணவி, அதுதான் சுரீரென்றது.

"ஒரு வாரம் தர்றேன். கழிச்சவங்களைக் கூப்பிடு. வந்தாங்கன்னா படுக்க வெச்சு, கண் முன்னாடி மாத்திரை குடு. அப்பவும் இறங்கலைன்னா மருந்தை மாத்து. மாத்தினதும் இறங்குதான்னு காட்டு. காட்டலைன்னா நான் பழைய கட்டுரையோடதான் போவேன்."

கூப்பிடுவது லேசாகவா இருந்தது? பொய்க்காரன் என்று பட்டம் கட்டி அனுப்பினவனைப் போய் வாப்பா என்றால் வருவானா? ரொட்டிக் கடைக்காரர் அடுப்பைக் காட்டி, "இந்த வெக்கையே போதும், உங்க வெக்கை வேற வேணுமா," என்றார். கடிகாரம் ரிப்பேர் பண்ணுகிறவர் கண்ணில் மாட்டின பூதக்கண்ணாடியைக்கூட எடுக்காமல் போகச் சொன்னார். சின்னவள் ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாள். "நீங்க மாத்திரை போட்டீங்க. நான்தான் நம்பலை." அந்த வாக்கியத்துக்குத்தான் வந்தார்கள். வந்தபோது பயந்துகொண்டு வரவில்லை, வழக்குக்கு வருகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்கள்.

மேல்மாடி அறை நிரம்பிவிட்டது. அண்ணன்தான் வாசலில் நின்று வரவேற்றான். ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் 'பொய்க்காரர் வார்டு' என்று எழுதிக் கதவில் மாட்டியும் விட்டான். நர்ஸ் அதைக் கழற்றச் சொல்லவில்லை.

"வாங்க வாங்க, என்ன பொய் சொல்லிட்டு வந்தீங்க?"

"மாத்திரை முழுங்கினேன்னு சொன்னேன்," என்றார் ரொட்டிக் கடைக்காரர்.

"அடப்பாவி! பெரிய பொய்யாச்சே. அந்த ஜன்னலோரக் கட்டில் உங்களுக்கு."

நர்ஸ் டார்ச்சோடு வரிசையாகப் போனாள். ஆ, நாக்கு, இந்தக் கன்னம், அந்தக் கன்னம். நாலு நாள் வெள்ளை மாத்திரை. யாருக்கும் அசையவில்லை. ஐந்தாம் நாள் சின்னவள் மருந்தை மாற்றினாள். கல்லீரல் பக்கமே போகாமல் சிறுநீர் வழியாக வெளியேறுகிற மாத்திரை. விலை ஒன்றும் கூட இல்லை, கீழ்த்தளத்துக் கிடங்கில் பெட்டி பெட்டியாகத் தூங்கிக்கொண்டிருந்த சரக்கு. அண்ணனுக்கு விளக்கிச் சொன்னாள்.

"புரியுது புரியுது. கேட்டுல ஒரு வாட்ச்மேன் வர்ற வண்டியை எல்லாம் திருப்பி அனுப்பிட்டே இருந்தான். இப்போ வேற கேட்டு வழியா விடறே. அவ்வளவுதானே?" என்றான். பிறகு, "ஆனா அந்த வாட்ச்மேன் வேலைக்குத்தாண்டி என்னை அனுப்பப் பாத்தீங்க," என்று சேர்த்துக்கொண்டான்.

வாரக் கடைசியில் பெரிய டாக்டரே படியேறி வந்தார். கதவில் மாட்டியிருந்த அட்டையைப் படித்தார். யாருடைய அளவையும் நம்பாமல் தன் கருவியை எடுத்து, தன் காதில் மாட்டி, ஒவ்வொரு கட்டிலாக உட்கார்ந்து பார்த்தார். ரொட்டிக் கடைக்காரருக்கு இறங்கியிருந்தது. கடிகாரக்காரருக்கு இறங்கியிருந்தது. அண்ணனிடம் வந்தபோது காற்றை மெதுவாக விட்டு, முடித்து, மறுபடி அடித்துப் பார்த்தார்.

"என்ன சார், சாட்சி சரியா?"

"சரிப்பா," என்றார் பெரிய டாக்டர். இறங்கிப் போகும்போது படியில் நின்று சின்னவளிடம், "அந்த விதியை அடிச்சுடு. முதல்லேருந்து எழுதுவோம். இவங்களை முன்னாடி வை," என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. சின்னவளும் எதிர்பார்க்கவில்லை. வேலை நடந்தால் போதும்.

மாசக் கடைசியில் டிப்போ டாக்டர் முன்னால் அண்ணன் உட்கார்ந்தான். சின்னவளும் கூடப் போயிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே டீசல் புகையும் மெக்கானிக் சத்தமும். டிப்போ டாக்டர் பிரஷர் பார்த்தார், முகம் மலர்ந்தது. வேலைக்குத் தகுதி என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"பரவாயில்லையே. இப்பவாவது ஒழுங்கா மாத்திரை போடணும்னு புத்தி வந்துச்சே."

அண்ணன் நீட்டின கையை மடக்கிக்கொண்டான்.

"அப்பவும் போட்டேன் சார்."

"சரி சரி, அதான் முடிஞ்சு போச்சே. வாங்கிக்க."

"முடியலை சார். புத்தி வந்துச்சுன்னு சொன்னீங்களே, அதைத் திருப்பி வாங்கிக்கங்க. அப்புறம் சீட்டை வாங்கிக்கறேன்."

"என்னப்பா விளையாடறியா? வேலை வேணுமா வேணாமா?"

"வேணும். ராத்திரி தூக்கத்துலகூட கியர் மாத்தறேன், என் பொண்டாட்டியைக் கேளுங்க. ஆனா பொய்க்காரன்னு பேர் வாங்கிட்டு அந்த டிரைவர் சீட்டுல உக்கார மாட்டேன். பின்னாடி உக்காந்திருக்கறவன் எல்லாம் என்னை நம்பித்தான் தூங்கறான் சார்."

சும்மா வாங்கிக்கோயேன் அண்ணா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததைச் சின்னவள் விழுங்கினாள். முன்னால் வந்து நின்றாள்.

"சார், அவர் சொல்றது உண்மை. டி.பி. மருந்து பிரஷர் மாத்திரையை வேலை செய்ய விடலை. அதைக் கண்டுபிடிக்க வேண்டிய ஆள் நான். கண்டுபிடிக்காம, பிரஷர் இறங்காதவன் பொய்க்காரன்னு விதி எழுதினதும் நான். உங்க காதுக்கு அந்தப் பேச்சு எங்க ஆஸ்பத்திரியிலேருந்துதான் வந்திருக்கு. எங்க அண்ணன் ஒரு வேளைகூடத் தவறலை."

டிப்போ டாக்டர் அவளையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. "நல்ல அண்ணன், நல்ல தங்கை," என்று தலையில் அடித்துக்கொண்டு, "தப்பாச் சொல்லிட்டேன்ப்பா. மாத்திரை போட்டவன்தான் நீ. போதுமா?" என்றார்.

"போதும் சார்," என்று இரண்டு கையாலும் சீட்டை வாங்கினான் அண்ணன்.

வீட்டுக்கு வந்தால் பூட்டைக் காணோம். உப்பு டப்பா தட்டுக்குப் பக்கத்திலேயே திறந்து உட்கார்ந்திருந்தது. அண்ணி தலையைக் குனிந்துகொண்டு பரிமாறினாள்.

"போட்டுக்கங்க. உங்களை நான் ரொம்பத்தான் படுத்திட்டேன்."

அண்ணன் டப்பாவை மூடி, விரலால் ஓரமாகத் தள்ளினான்.

"உப்பு வேணும்னு நான் எப்போ கேட்டேன்? திருடலைன்னுதானே சொன்னேன்." ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டுக்கொண்டு, "ஆனா உன் சமையல் ஆஸ்பத்திரிச் சமையலை விட எவ்வளவோ தேவலை. இதை நான் டார்ச் வெளிச்சத்துலயும் சொல்லுவேன்," என்றான். அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் காலையில் சின்னவள் தெருமுனை நிறுத்தத்தில் நின்றாள். தூரத்திலேயே அந்தக் குரல் கேட்டது, "ஏய் ஸ்கூட்டரு, ரோடு உங்க வீட்டுதா?" என்று. வண்டி வந்து நின்றது. உள்ளே ஏறினால் முன் வரிசையில் சலவையக்கா சலவைக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரொட்டிக் கடைக்காரர். இரண்டு பேரும் இவளைப் பார்த்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

சின்னவள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்சம் தள்ளிப் போன கண்டக்டர் மறந்துபோய்த் திரும்பி வந்து, "அம்மா, டிக்கெட்?" என்றார்.

"எடுத்துட்டேனே."

"சரிம்மா," என்று அவர் நகரப் பார்த்தார்.

ஸ்டியரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி ஏர்ஹாரன் முழங்கினான்.

"அவ வாயை நம்பாதே கண்டக்டர்! கையைத் திறந்து காட்டச் சொல்லு!"

சலவையக்கா கூடையைத் தட்டிச் சிரித்தாள். சின்னவள் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, டிக்கெட்டை எல்லாரும் பார்க்கிற மாதிரித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.